கம்பஞ்சோறும் ஒரு மூட்டை அரிசியும்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. பொறி கிளம்பிவிடக் கூடாதென்று அந்த அறைக்குள் செருப்பு போட விடமாட்டார்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலில் கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. போன சீசனில் சுண்டுவிரலில் பட்ட காயம் ஆறவே இல்லை. "வெள்ளைச் சோத்தைக் குறைச்சாத்தான் காலைக் காப்பாத்த முடியும்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஆக்குகிறவள் நான்தானே, அதனால் என்னை. தின்கிறவரை யாரும் திட்டுவதில்லை.

இருக்கன்குடி அம்மனுக்கு வெள்ளியில் கால் வாங்கி உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்டேன். கம்பு வாங்கி இடித்துச் சோறாக்கித் தூக்குவாளியில் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போனது.

"எங்கப்பன் காலம்பூரா காட்டுவேலை பாத்து, கம்பங்கூழு குடிச்சே போயிட்டாரு. அரிசிச் சோறு திங்கணும்னுதான நான் கம்பெனிக்கு வந்தேன். மறுபடியும் கம்பா புள்ள?"

"காலு வேணுமா, சோறு வேணுமா? நீங்களே சொல்லுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அற்ப சந்தோஷம்.

கம்பெனியில் மதியம் வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தன் சாப்பாட்டில் ஒரு கை எடுத்து அடுத்தவர் மூடியில் வைப்பது அங்கே வழக்கம். தினமும் கம்பஞ்சோறு கொண்டுவருகிறவரைப் பார்த்து, வீட்டில் அரிசிக்கே வழியில்லை போல என்று நினைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கை வெள்ளைச் சோறு அவர் மூடியில் விழுந்தது. சர்க்கரை என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்கு மட்டும் திறந்தார். வாளி காலியாக வந்ததால், கம்பைத்தான் தின்கிறார் என்று நானும் நம்பினேன்.

கடைசியில் விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. கல் குத்திச் சீழ் பிடித்ததென்று வெளியில் சொல்லிக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவர்கள் பார்க்க வந்தார்கள். ஒருவர் தோளில் ஒரு மூட்டை அரிசி. நன்றாகத் தீட்டி வெளுத்த அரிசி.

"அண்ணன் தெனமும் கம்புதான் கொண்டாருவாக மதினி. பாக்க மனசு கேக்கல. எங்க சோத்தைத்தான் அள்ளி வப்போம். இனி வீட்டுலயே பொங்கிப் போடுங்க" என்றார் அவர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரைத் திட்ட? கட்டிலில் இருந்தவர், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? அந்த மூட்டையைப் பிரித்துத்தான் உலையில் போட்டேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவரும் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். அவர் தட்டில் பேருக்கு ஒரு கரண்டி வைத்தேன்.

"என்ன மதினி, அண்ணனுக்கு மட்டும் அளந்து வைக்கீக? அள்ளிப் போடுங்க!"

எல்லோரும் என் கரண்டியையே பார்த்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன். இன்னொரு கரண்டி போட்டேன்.

"போதும் புள்ள" என்றார், குனிந்தபடி. கை மட்டும் தட்டை என் பக்கம் நகர்த்தியது.

போட்டேன்.