சுழற்றாமல் எழுதிய ரீடிங்

போன கிழமை எங்கள் வீதியைக் கிண்டி மின்கேபிள் தாட்டார்கள். கேபிள் பொருத்தின் மேல் கறுப்பு உறையை நெருப்பில் வாட்டும் மணம் வீட்டுக்குள் வந்ததும் எழுந்து யன்னலைச் சாத்தினேன். புகை ஆகாதா என்று மனைவி கேட்டாள். ஆகாது என்றேன். உண்மையில் அந்த மணம் எனக்குப் பிடித்ததுதான். ஆகாதது ஹனீபா காக்காவின் நினைவு.

அவர் ஏறாவூர்க்காரர்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். சுனாமிக்குப் பிறகு தேற்றாத்தீவுப் பக்கம் கட்டிய வீட்டுத்திட்டத்துக்கு நாங்கள் நிலத்தடிக் கேபிள் போட்டபோது, கேபிள் துண்டுகளைப் பொருத்துகிறவர் அவர். வியர்வை உள்ளே சொட்டக்கூடாதென்று நெற்றியில் துவாயைக் கட்டி, 'பிஸ்மில்லா' சொல்லித்தான் தொடங்குவார். அந்த நேரம் யார் பகிடி விட்டாலும் பதில் வராது. நான் சோதிக்கிறவன். மெகர் பெட்டியின் கைபிடியைச் சுழற்றினால், கேபிளின் காப்பு எங்காவது பழுதா என்று முள் காட்டிவிடும். சுழற்றுவதுதான் என் வேலை. நடை மட்டும் இஞ்சினியர் நடை.

மண் மூட முதல் ஒரு தரம், மூடிய பிறகு ஒரு தரம் சோதிக்க வேண்டும். முதலாவதை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது செய்ய வேண்டிய அன்று மண்டூர்க் கோயில் திருவிழா. வாவியைக் கடக்கும் பாதையை, அந்த மிதவைப் படகை, பிடித்தாக வேண்டும். கேபிளின் மறு அந்தம் வரை வெயிலில் யார் நடப்பது? பழைய ரீடிங்கையே கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டு முருகனிடம் ஓடினேன்.

கரண்ட் கொடுத்த மூன்றாம் நாள் கேபிள் எரிந்தது. புதிதாகக் குடிவந்த சனம் மறுபடி குப்பி விளக்கு ஏற்றியது. பொறுப்பாளர் என் தாளைப் பார்த்தார்.

"மண் மூடின பிறகும் ரீடிங் நல்லா இருந்திருக்கு. அப்ப மண்ணால பழுதில்ல, பிழை பொருத்திலதான்."

காக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ரெண்டாந்தரமும் பாத்த தானே?"

"ஓம் காக்கா, பாத்தன்."

"அப்ப என்ட கையிலதான் பிழை."

உடனே நம்பிவிட்டார். அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. இனி வரவேண்டாம் என்று பொறுப்பாளர் சொன்னதும், சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள், பொறுப்பாளர் இல்லாத நேரம், கூலியாட்களும் நானும் பொருத்தை வெட்டினோம். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. பத்தடி தள்ளிக் கிண்டியபோது, நிரப்பிய மணலோடு வந்த ஓட்டுத்துண்டு ஒன்று கேபிளைக் குத்திக்கொண்டு கிடந்தது. கடல் உடைத்த யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. இரண்டாந்தரம் சுழற்றியிருந்தால் முள் அன்றே சொல்லியிருக்கும். காக்காவைத் திருப்பிக் கூப்பிடுவோம் என்று நான் வாய் திறந்தால் என் பொய்யும் வெளியே வரும். திறக்கவில்லை. பிறகு சண்டை மூண்டது. றோட்டுப் பூட்டு, சோதனைச் சாவடி என்று அவரைப் போய்ப் பார்க்காமலிருக்கச் சாட்டுகள் தாராளமாகக் கிடைத்தன.

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து ஏறாவூர் போனேன். அவருடைய மகள் தேத்தண்ணி தந்தாள்.

"வாப்பா மௌத்தாகி ரெண்டு வருசம். அந்தப் பொருத்தில எந்த இடத்தில பிழை விட்டனெண்டு கண் மூடுமட்டும் யோசிச்சார். நீங்க கூட வேல செஞ்ச ஆள்தானே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது தங்கச்சி" என்றேன்.

தேத்தண்ணியை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இப்போது அந்த மகளும் ஊரில் இல்லை, கட்டாரில் என்கிறார்கள். வீடும் கைமாறிவிட்டது. சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்கிறது, கேட்க வேண்டிய ஒருவரும் இல்லாத இந்த நேரத்தில்.