வீ வில் சீ

பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் நான் ஏலக்காய் எடை போடும் கடைக்கு எதிரே ஒரு பழம்பொருள் கடை. அதில் விற்பனையைக் கவனித்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. சாயா நேரத்தில் அங்கேதான் இருப்பேன்.

வெள்ளைக்காரர்கள் ஒரு பொருளைத் தடவிப் பார்த்து, விலை கேட்டு, “வீ வில் சீ” என்பார்கள். உடனே அவர் சிரித்தபடி விரல் தடத்தைத் துடைத்து அதை அலமாரியில் வைத்துவிடுவார்.

“பார்க்கலாம்னுதானே சொன்னாங்க அண்ணாச்சி? அதுக்குள்ள ஏன் எடுத்து வைக்கிறீங்க?”

“மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராதவங்க சொல்றது தம்பி அது.”

அவர் மேசைக்கடியில் ஒரு சின்ன மரக்குதிரை இருந்தது. கனடாவில் இருக்கும் பேரனுக்காக முதலாளியிடம் வாங்கி வைத்தது. பேரனை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஒரு நாள் மகள் போனில் வந்தாள். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஓணத்துக்காவது பிள்ளையக் கூட்டிட்டு வருவியாம்மா?”

“வீ வில் சீ, அப்பா.”

“சரிம்மா, சரிம்மா” என்றார், கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கும் அதே சிரிப்போடு. போனை வைத்துவிட்டுக் குதிரையை வெளியே எடுத்தார். துடைத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா அதை எடுத்து விலை கேட்டாள். யோசிக்கவே இல்லை, பணப்பையைத் திறந்துவிட்டாள்.

அண்ணாச்சி அவள் கையிலிருந்து குதிரையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“ஸாரி மேடம்” என்றார். “இதுக்கு ஆள் வர்றாங்க” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்.