ஒரே இடத்துக்கு இரண்டு பேர்

கலாநிதிப் பட்டத்துக்கான புலமைப்பரிசில் ஒன்றுக்கு ஆய்வு முன்மொழிவை அனுப்ப அன்று மாலைதான் கடைசி. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு நூலகத்தில் இருந்து, ஆய்வுக் கேள்வியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்க் கதிரையில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண். மெலிந்த முகம், தடித்த கண்ணாடி. எழுதிய ஒவ்வொரு வரியையும் உதடசைத்து வாசித்த பிறகே அடுத்ததற்குப் போனார். கிண்ணியாவில் இருந்து வந்தவர். அவரும் அதே ஒரேயொரு புலமைப்பரிசிலுக்குத்தான் விண்ணப்பிக்கிறார் என்று கதைத்தபோது தெரிந்தது.

திடீரென்று மின்சாரம் போனது. என் பழைய மடிக்கணினியும் அணைந்துவிட்டது. அவர் தன் கணினியை என் பக்கம் திருப்பினார்.

“இதுல அனுப்புங்க. என்ட போன்ல டேட்டா இருக்கு. உங்கட பைல் ஈமெயில்ல இருக்கும்தானே?”

“ஓம். ஆனா நீங்களும் இதே இடத்துக்குத்தானே கேக்கிறீங்கள்?”

“ஓம். என்ட நல்லா வந்திருக்கு. நீங்க அனுப்பாம விட்டு எனக்குக் கிடைச்சா, வென்ற மாதிரி இருக்காது.”

நான் அனுப்பிய பிறகுதான் அவர் தன்னுடையதை அனுப்பினார். பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இடம் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிவானவர் ஒரு பெண் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அது அவராகத்தான் இருக்கவேண்டும். வேறு யாரோ என்றால், நான் இரண்டு தடவை தோற்றதுபோல் இருக்கும்.