கொக்குக்கு முதுகு காட்டும் களம்

1936ஆம் ஆண்டு, மாசி மாதம், புதன்கிழமை. காலை 6.20க்கு மதுரையிலிருந்து பேரையூர் பஸ் புறப்பட்டது. தூரம் ஏறக்குறைய முப்பது மைல்; ஆளுக்குப் பத்தணா. என் பக்கத்தில் லிம் உட்கார்ந்திருந்தார். பட்டு மூட்டை இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

லிம் சீனாவின் தென்கரைக்காரர். வயது என்னுடையதுதான், நாற்பத்தாறு. ஒன்பது வருஷமாக நம் கிராமங்களில் சைக்கிளில் பட்டுத்துணி விற்று, நம் பேச்சையே பேசக் கற்றவர். தினமும் விடிந்ததும் வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் ஒரு பயிற்சி செய்வார். ஒற்றைக் காலில் நிற்பார். கைகளைச் சிறகாக விரிப்பார். விரல்களை அலகாகக் குவித்துக் கொத்துவார். நான் சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிறவன். எதையும் எண்ணுவது பழக்கம். ஐம்பத்தேழு அசைவுகள். அதோடு, பாதிப் பேச்சில் நிறுத்தியவரைப் போல நின்றுவிடுவார்.

அந்த வித்தை பிறந்த கதையை பஸ்ஸில் சொன்னார். அவர் நாட்டில் ஒரு பெண் முற்றத்தில் தானியம் காயப் போட்டிருந்தாள். வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து இறங்கியது. மூங்கில் கம்பால் தலையில் அடித்தாள். தலை அங்கே இல்லை. சிறகில் அடித்தாள், சிறகு விலகியது. உடம்பில் குத்தினாள், அலகு கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பறவையிடம் அவள் கற்றதுதான் கொக்கு வித்தை.

“கடைசி அசைவு மட்டும் எனக்குத் தெரியாது, ஐயா,” என்றார். “கடைசி வந்ததும் எங்க வாத்தியார் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நிப்பாரு. பன்னண்டு வருசமும் அப்படித்தான். மறைச்சுட்டாரு. தகுதியில்லாதவன்னு நெனச்சிருப்பாரு. அவர் செத்த சேதி வந்தப்பகூட நான் ஊருக்குப் போகல.”

வாத்தியாரின் பேரப்பிள்ளைகள் பினாங்கில் இருக்கிறார்கள். வித்தை தெரிந்தவர் வேறு யாரும் உயிரோடு இல்லாததால், வந்து கற்றுத்தரும்படி லிம்முக்கு எழுதியிருந்தார்கள். கப்பல் பிடிக்கச் சனிக்கிழமை நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏற வேண்டும். முடிவு தெரியாமல் அவர்கள் முன்னால் எப்படி நிற்பது? பேரையூருக்குத் தெற்கே ஒரு களத்தில் யாராலும் அடிக்க முடியாத கொக்கு ஒன்று உச்சிவேளையில் வருகிறது என்று துணி விற்கப் போன இடத்தில் கேள்விப்பட்டிருந்தார். அதனால்தான் இந்தப் பயணம்.

டிரைவர் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. “கொக்குகிட்ட அடி வாங்கவா பத்தணா குடுத்து வாரீக? எங்க வீட்டுக்கு வாங்கண்ணே, எம் பொண்டாட்டி சும்மாவே அடிப்பா.”

பஸ் முழுதும் சிரித்தது. எந்தக் களம் என்று லிம் அடையாளம் சொன்னதும் டிரைவர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பேரையூரில் இறங்கும்போது மணி 9.40. “உச்சிக்கு முன்ன திரும்பிருங்கண்ணே,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அங்கிருந்து நான்கு மைல் நடை. இருபுறமும் கரிசல், அறுத்த சோளத்தட்டைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. வழியில் ஒரு கண்மாய், ஒரு கை நீர்கூட இல்லாமல் வெடித்துக் கிடந்தது. பறவை என்று ஒரு காக்கையைக்கூடப் பார்க்கவில்லை.

11.15. களத்தில் ராக்காயி என்ற நாற்பது வயதுப் பெண் மூங்கில் கம்போடு சோளத்துக்குக் காவல் இருந்தாள். வந்த காரியத்தைச் சொன்னோம்.

“கொக்குதானே? வரும். கொக்கு எங்கிட்டாவது சோளம் திங்குமாய்யா? இது திங்க வாரதில்ல. நிக்க வருது.”

“அடிச்சா?” என்றார் லிம்.

“எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவரு அடிச்சாரு. வலது கை தொங்கிப் போச்சு. இன்னைக்கும் இடது கையிலதான் சாப்புடுறாரு.”

“பிறகு எப்படித்தான் விரட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“வரட்டும். நான் செய்யுறதைச் செய்யுங்க. அம்புட்டுத்தேன்.”

12.04. சிறகுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தபோது சோளக் குவியலின் மேல் அது நின்றது. சுண்ணாம்பு வெள்ளை, அலகு மட்டும் கறுப்பு.

ராக்காயி தடுப்பதற்குள் லிம் அவள் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார். தலைக்கு வீசினார், தலை அங்கே இல்லை. சிறகுக்கு வீசினார், சிறகு விலகியது. மூன்றாவதாகக் குத்தினார். அலகு கம்பின் நுனியைப் பிடித்தது. பஸ்ஸில் கேட்ட கதை அதே வரிசையில் என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. லிம்மின் கை தோள்வரை விறைக்கத் தொடங்கியது.

“பட்டுக்காரரே, கம்பைப் போடுங்க. கை போயிரும்,” என்றாள் ராக்காயி.

அவர் விடவில்லை. அவள் கொக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கைகள் தளர்ந்து தொங்கின. பின்னால் எதுவுமே இல்லாதவளைப் போல நின்றாள்.

லிம் அவள் முதுகையே பார்த்தார். கம்பு கீழே விழுந்தது. அவரும் திரும்பினார். நானும் திரும்பினேன்.

நான்கு நிமிஷம். கடிகாரம் துடிப்பது மட்டும் கேட்டது. அந்த வெயிலில், ஈரத்துணி பட்டதுபோல என் பிடரியில் ஒரு குளிர்ச்சி வந்து தங்கியது.

“போயிருச்சு,” என்றாள் ராக்காயி.

லிம் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஐந்தும் மடங்கின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வாத்தியார் மறைக்கல, ஐயா. பன்னண்டு வருசமும் காட்டிட்டேதான் இருந்திருக்காரு. நாந்தான் அவர் முகத்தையே தேடிக்கிட்டு இருந்துட்டேன்.”

அவர் அழுது முடிக்கும்வரை நான் வேறு வேலை பார்த்தேன். களத்துப் புழுதியில் கொக்கின் கால் தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. பையிலிருந்த அளவு நாடாவால் அளந்தேன். குவியலிலிருந்து லிம்மின் குதிகால்வரை நான்கு அடி. அங்கிருந்து ராக்காயி நின்ற இடத்துக்கு ஏழு அடி. அங்கிருந்து என் குதிகாலுக்கு ஒன்பதரை. என் குதிகாலிலிருந்து எந்தப் பக்கமும் தடம் போகவில்லை; பறந்த சத்தமும் கேட்டிருக்கவில்லை. இதை நான் அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியலில் தெப்பக்குளக் கரையில் லிம் ஐம்பத்தெட்டு அசைவுகள் செய்தார். கடைசியில் எனக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு, “வாரேன், ஐயா,” என்று சொல்லி ரயிலுக்குப் போனார்.

ஆபீசில் என் மேசை, நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி போடப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் உச்சிவேளை தாண்டி நாலு நிமிஷம் ஆனதும் பிடரியில் அந்தக் குளிர்ச்சி வருகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கைகளைத் தளர விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.