ஒரு கையெழுத்துக்காகச் சிங்கப்பூர்

கடந்த பிப்ரவரியில் மூன்று நாள் சிங்கப்பூர் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கவா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அது பொய். திருச்சிப் பக்கம் ஒரு செவிலியர் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். திரும்பி வந்த மறுநாள் திங்கட்கிழமை எங்கள் கல்லூரியில் நர்சிங் கவுன்சில் ஆய்வு. ஆசிரியர் பட்டியலில் முதுகலை படித்த ஒருவர் குறைந்தார். அவர் இல்லாவிட்டால் அறுபது மாணவியர் இடங்கள் நாற்பதாகிவிடும்.

எங்கள் மாணவிகளில் பாதிப் பேருக்கு அரசுதான் கட்டணம் கட்டுகிறது. பயிற்சிப் பொம்மைகளும் கட்டிலும் அரசுப் பணத்தில் வந்தவை. ஆசிரியர் சம்பளம் மட்டும் அப்படியே கிடக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவள் விமானம் ஏறாமல் என்ன செய்வாள்? என் பழைய மாணவி கலையரசி அதற்கும் முன்பே சிங்கப்பூர் போய், அங்கேயே எம்.எஸ்சி. முடித்தவள். அவள் எங்களிடம் வேலை செய்வதாக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் கல்லூரி முதல்வர். "ஆள் வர வேண்டாம், பேர் வந்தா போதும். ஆய்வன்னிக்கு லீவுல இருக்கான்னு சொல்லிக்கலாம். நீங்க நேர்ல கேட்டா மறுக்க மாட்டா" என்றார். இப்படிப் பெயர் காட்டும் கல்லூரிகள் உண்டு என்பது எங்கள் தொழிலில் யாருக்கும் புதிதில்லை. நானும் பெரிதாக யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 10.40க்குத் திருச்சியில் விமானம். போக வர 18,400 ரூபாய். நாலேகால் மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் இறங்கும்போது மாலை 5.25. விமான நிலையத்திலிருந்தே ரயில் இருக்கிறது. இரண்டு இடங்களில் மாறி லிட்டில் இந்தியா வர ஒரு மணி நேரம். கட்டணம் இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். பெண்கள் மட்டும் தங்கும் அறையில் ஒரு கட்டில், இரவுக்கு 38 வெள்ளி. கட்டில்களுக்கு இடையே மூன்றடி இடைவெளி இருந்தது. வார்டில் பார்த்துப் பழகியதால் போகும் இடமெல்லாம் அதை அளப்பது என் கெட்ட பழக்கம்.

மறுநாள் காலை தேக்கா சந்தையில் இட்லியும் தேநீரும் நாலரை வெள்ளி. கலையரசியின் கிளமெண்டி முகவரியைக் கையில் வைத்திருந்தேன். பரிமாறிய அம்மா அதையும் என் புடவையையும் பார்த்துவிட்டு, "ஊர்லேருந்து புதுசா வந்தீங்களா? அவுட்ரம் பார்க்ல பச்சை லைன் மாறிடுங்க லா, கிளமெண்டி சுலபம்" என்று கேட்காமலே வழி சொன்னார். அவர் சொன்னது சரி. ஊதா வழித்தடத்தில் நான்கு நிறுத்தம், பச்சையில் ஏழு. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

கலை தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள உணவுக் கடையில் காத்திருந்தாள். பதினோரு ஆண்டில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். அவளை எம்.எஸ்சி. படிக்க வைத்தது அவள் மருத்துவமனைதான். பதிலுக்கு மூன்று ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட். இப்போது வார்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"இங்கயும் டீச் பண்ண ஆள் பத்தல மேடம். வார்டுலேருந்து ஒருத்தர இழுத்தா வார்டு ஷார்ட் ஆயிடும். அதான் என்னை ரெண்டு பக்கமும் ஓட விடறாங்க" என்று சிரித்தாள்.

மேஜையில் மாணவிகளின் லாக் புக்குகள் அடுக்கியிருந்தன. ஊசி போட்டது, குழாய் செருகியது என்று மாணவி செய்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆசிரியர் கையெழுத்திடும் புத்தகம் அது. ஒன்றைப் புரட்டினேன். இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"அத நான் பாக்கல. திங்கக்கிழமை மறுபடி செய்வா" என்றாள்.

அந்தப் புத்தகத்தின் மேலேயே என் படிவத்தை வைத்தேன். கலை நிதானமாக முழுவதும் படித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"செகண்ட் இயர்ல நான் மூக்குக் குழாய் போட்டப்ப நீங்க போன் பேச வெளிய போயிட்டீங்க. பாக்காததுக்குக் கையெழுத்து இல்லன்னு சொல்லி மறுநாள் திரும்பப் போட வச்சீங்க. அழுதேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க கேட்டா நான் போட்டுடுவேன் மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வருஷம் நான் உங்க காலேஜ்ல கிளாஸ் எடுத்தேனா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் பேனாவை மூடிவிட்டு எனக்கு இன்னொரு தேநீர் சொன்னாள்.

ஞாயிறு மாலை திரும்பினேன். திங்களன்று ஆய்வுத் தாளில் கலையின் பெயர் வர வேண்டிய வரிசைக்கு எதிரே "காலி" என்று நானே எழுதினேன். முதல்வர் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. இடங்கள் நாற்பதாயின. இந்த ஆண்டு வந்திருக்க வேண்டிய இருபது பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பயிற்சி அறையில் உறை பிரிக்காத பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது, வலிக்கிறது. ஆனால் யாரும் எடுக்காத வகுப்பில் உட்கார்ந்து படித்தவள் நாளைக்கு யார் மூக்கில் குழாய் போடுவாள்?

போக நினைப்பவர்களுக்கு: விசாவை முகவர் வழியாக இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். மதியம் மூன்றுக்கு மேல் மழை வரலாம், குடை வேண்டும். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்திலேயே நிரப்பிவிடலாம்; பேனாகூடத் தேவையில்லை. அந்த ஊரில் மூன்று நாளும் என்னிடம் யாரும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டது நான் ஒருத்திதான்.