கூரையில்லாத மடாலயத்தில் அப்பாவின் பெயர்

போன வருடம் ஆடி அமாவாசை அன்று நடந்தது இது. ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில், ஓர் ஆற்றங்கரையில் பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்று இடிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்தபோது மூத்தவனான நான் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். நான் இங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை. வருடம் நிறைந்து ஆட்டைத் திவசமும் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்காவது, அங்கே ஓடுகிற ஆற்றில் என் கையால் எள்ளும் தண்ணீரும் இறைத்தே தீருவேன் என்று நின்றேன்.

"பொலிஸ் வந்தால் உங்களை ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லிப்போடுவன்" என்று சொல்லிக்கொண்டேதான் மனைவியும் கூட வந்தாள்.

ஆள் நடமாட்டமில்லாத இடம் என்று நினைத்துக் கரையில் குந்தி, எள்ளைக் கையில் எடுத்தேன். மேலேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வருகிறவர்களுக்கு மடாலயத்தைச் சுற்றிக் காட்டுபவராம், என் வயதுதான் இருக்கும். ஆற்றில் ஒன்றும் போடக்கூடாது என்றார். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலையில் பழகிய ஜேர்மன். அதில் திதிக்கு எங்கே சொல் இருக்கிறது? இறந்த அப்பாவுக்கு, வெறும் எள்ளும் தண்ணீரும்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அதைக் கேட்டவர், எங்களை மடாலயத்துக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூரை இல்லை. உயர்ந்த சுவர்களுக்கு மேலே வானம்தான். பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே இருந்த துறவிகள், இறந்தவர்களின் ஆண்டு நாள் வந்தால் பெயர் சொல்லிச் செபிப்பார்களாம். இறந்துபோன துறவிக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு பங்கு வைத்து, பிறகு அதை ஓர் ஏழைக்குக் கொடுப்பார்களாம். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் படையல்தானே இது!

பிறகு மடாலயத்தை மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டினார்கள்.

"இங்கே பெயர் சொல்ல இப்போது யாரும் இல்லை. உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார் அந்தப் பெண்.

"சத்தமாச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

சொன்னேன். அந்தப் பெயர் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தபோது, அன்று போனுக்கு முன்னால் வராத அழுகை எல்லாம் வந்தது. ஒரு சிட்டிகை எள்ளால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று அவரே என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். நான் இறைத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இறந்தவர்களுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்த மனிதர்கள் அந்தக் கரையில் எனக்கு எவ்வளவோ முன்பே இருந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, அப்பாவுக்கு அந்நிய மண்ணில் நீர் இறைத்தேன் என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.