கையை விடாத அப்பா

பன்னிரண்டு வயதிலேயே குரல் கட்டையாகிப் போனது அவன் செய்த குற்றமா? கதாநாயகன் வேடம் கேட்டுப் போய் நின்றவனை நாடக டீச்சர் ஒரு வரி பேசச் சொன்னார். கேட்டதும், "அப்பாடா, அப்பா கிடைச்சாச்சு!" என்று கையைத் தட்டினார். பதினாறு வயதில் பையன் கதாநாயகிக்குத் தகப்பனானான். கதாநாயகியோ, இரண்டு வருடமாக இவன் ஒளிந்து ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வகுப்புப் பெண்.

அன்றிலிருந்து அவள் இவனை வாய் நிறைய "அப்பா" என்றாள். மேடையில் சொன்னால் சரி, மாடிப்படியிலும் சொன்னாள். கதாநாயகனாக நடித்த நெட்டையன் அதற்கும் ஒரு படி மேலே போய், "மாமா, பேனா இருக்கா?" என்று கேட்டான். வயிறு எரியாதா? அவள் ஒரே ஒரு முறை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கிடந்தான் பாவி.

அப்பா வேடத்துக்கு அவன் எங்கும் அலையவில்லை. வீட்டிலேயே ஒருவர் இருந்தார், மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் கடைக்காரர். சாயங்காலம் கடையில் உதவிக்கு உட்கார்ந்தபடியே அவரை முழுசாகத் திருடினான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவது, எதைக் கேட்டாலும் கனைத்துவிட்டு "பாப்போம், பாப்போம்" என்பது, எல்லாம்.

"என் மூஞ்சில என்னடா இருக்கு? ஸ்க்ரூவைப் பாரு," என்றார் அப்பா.

நாடகத்தன்று குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேடையில் இவன் கண்ணாடியைத் தேட, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த ஆளை எங்கயோ பாத்திருக்கேனே!"

"நான் இருபது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

அப்பா மெல்ல நெற்றியைத் தடவிப் பார்த்தார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பிடித்தான். "இனிமே இவ உன் பொறுப்பு" என்று வசனமும் சொல்லிவிட்டான். கையைத்தான் விடவில்லை.

"மாமா, குடுங்க," என்று நெட்டையன் பல்லைக் கடித்தான்.

இவன் கனைத்தான். "பாப்போம், பாப்போம்."

அரங்கமே அதிர்ந்தது. பெண்ணைப் பெற்ற இரண்டொருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டீச்சர் திரையை இழுத்துவிட்டார். கல்யாணம் நடக்காமலே நாடகம் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார்.

"எல்லாம் என்னை மாதிரியேதான் செஞ்ச. ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கையை விடாம நின்னியே, அது நான் இல்லையே? அது யாருடா?"

பையன் தரையைப் பார்த்தான். பக்கத்தில் அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த அப்பாவும் இல்ல, அங்கிள். இப்படி வேர்க்கிற அப்பாவை நான் பாத்ததே இல்ல," என்றாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் 'அப்பா' என்றால் மட்டுமே திரும்பிப் பழகிய கழுத்து அது.

அப்பா அவன் விலாவில் ஒரு இடி வைத்தார்.

"டேய், உன்னைத்தான்டா கூப்பிடுது அந்தப் பொண்ணு!"